'பி' போட்டா போதுமா பாஸ்?

ஒரு சின்ன காட்சி. ராத்திரி 11 மணி. கல்ச்சுரல்ஸ் முடிந்து, ஃப்ரெண்டோட ஆட்டோமேட்டிக் காரை ஓட்டிக்கிட்டு வீட்டு வாசலுக்கு வந்துட்டீங்க. கேட் மூடியிருக்கு. கியரை 'பி'க்குத் தள்ளிட்டு, ஏ.சி. ஓடட்டும்னு என்ஜினை அணைக்காமலே இறங்கிப் போய் கேட்டைத் திறக்கறீங்க. மொத்தமே பத்து செகண்ட் வேலை. வாசல் கொஞ்சம் சரிவு. முதுகுக்குப் பின்னால கார் நிக்குதா, நகருதான்னு எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பீங்க?

நானும் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரைக்காகப் படிக்க ஆரம்பிச்ச பிறகு, பார்க்கிறேன்.

செக்கோவ் வீட்டு வாசலில்...

'ஸ்டார் ட்ரெக்' படம் பார்த்தவங்களுக்கு செக்கோவைத் தெரிஞ்சிருக்கும். விண்கலத்தில் ரஷ்ய உச்சரிப்போட இங்கிலீஷ் பேசுற, சுருட்டை முடி இளைஞன். அந்த வேடத்தில் நடித்தவர் ஆன்டன் யெல்சின். 2016 ஜூன் 19 அன்று, லாஸ் ஏஞ்சலீஸில் தன் வீட்டுச் சரிவுப் பாதையில் இறந்து கிடந்தார். அவருக்கு அப்போது வயசு 27 தான்.

எந்த ரேஸிலும் இல்லை. எந்த ஹைவேயிலும் இல்லை. காரை நிறுத்திவிட்டு இறங்கியிருக்கிறார். கார் தானாகப் பின்னால் உருண்டு வந்து, வாசல் செங்கல் தூணோடும் கம்பி வேலியோடும் அவரை வைத்து நசுக்கிவிட்டது. ரிகர்சலுக்கு வரவில்லையே என்று தேடிப் போன நண்பர்கள்தான் முதலில் பார்த்தார்கள்.

அது 2015 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கி. இங்கேதான் கதை வேற மாதிரி போகுது. அந்த விபத்துக்கு இரண்டு மாசம் முன்னாடியே, 2016 ஏப்ரலில், அந்த மாடலை அதன் கம்பெனியான ஃபியட் கிரைஸ்லர் ரீகால் பண்ணியிருந்தது. ரீகால் என்றால், 'வித்த வண்டியில் பாதுகாப்புக் குறை இருக்கு, கொண்டு வாங்க, காசு வாங்காம சரி பண்ணித் தர்றோம்' என்று கம்பெனியே கூப்பிடுவது. கிராண்ட் செரோக்கியோடு டாட்ஜ் சார்ஜர், கிரைஸ்லர் 300 கார்களும் சேர்ந்து, உலகம் முழுக்க சுமார் 11 லட்சம் வண்டிகள். காரணம், கியர் லீவர்!

அறிவிப்பு வந்துவிட்டது. ஆனால், சரி பண்ணும் வேலை அந்தக் காருக்கு இன்னும் நடக்கவில்லை. ரீகால் பற்றிய கடிதம், மகன் இறந்து ஏழு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தது என்று அவருடைய பெற்றோர் தரப்பில் சொன்னார்கள். அவர்கள் கம்பெனி மீது போட்ட வழக்கு 2018-ல் சமரசத்தில் முடிந்தது.

ஏழு நாள் லேட்டா வந்த அந்தக் கடிதம்தான், என்னை இதை எழுத வைத்தது.

உடையாத பார்ட்டுக்கு ரீகால்!

முதலில் ஒரு சின்ன கிளாஸ். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது.

ஆட்டோமேட்டிக் காரில் 'பி, ஆர், என், டி' என்று நாலு எழுத்து இருக்கும். பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ். 'பி' போட்டால் உள்ளே என்ன நடக்கிறது? சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டோடு ஒரு பல் சக்கரம் சேர்ந்திருக்கும். 'பி'க்குப் போனதும் ஒரு சின்ன இரும்பு நாக்கு இறங்கி, அந்தப் பற்களுக்கு நடுவில் போய் உட்காரும். அவ்வளவுதான். ஒன்றரை, இரண்டு டன் வண்டியைப் பிடித்து வைத்திருப்பது கைவிரல் அளவு இரும்பு. அது பல்லில் உட்கார்ந்தால்தான் 'பி'. உட்காரவில்லை என்றால், 'பி' என்பது வெறும் எழுத்து.

பழைய டைப் லீவரில் ஒரு வசதி உண்டு. 'பி' என்றால் லீவர் மேலே, கடைசியில் நிற்கும். 'டி' என்றால் கீழே. பார்க்கக்கூட வேண்டாம், கைக்கே தெரியும். ஆனால், ஜீப்பில் 2014, 2015 மாடல்களுக்கு வைத்தது வேற டைப். வீடியோகேம் ஜாய்ஸ்டிக் ஞாபகம் இருக்கா? முன்னால் தள்ளிட்டு விட்டால் அதுவே நடுவுக்கு வந்து நிற்குமே, அதே மாதிரி. கியர் மாறும், எழுத்து எரியும், ஆனால் லீவர் மட்டும் எப்பவும் ஒரே இடத்துக்குத் திரும்பிவிடும். 'டி'யிலிருந்து 'பி'க்குப் போகணும்னா கடைசி வரைக்கும் அழுத்தித் தள்ளணும். கொஞ்சம் கம்மியாகத் தள்ளினால் 'ஆர்' அல்லது 'என்'னோடு நின்றுவிடும். ஓட்டினவர் 'பி போட்டாச்சு' என்ற நினைப்பில் இறங்கிவிடுவார்.

அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2015 ஆகஸ்டில் விசாரணையைத் தொடங்கியது. 2016 ஜூனில் அதை முடித்தபோது கணக்கு இது: 686 புகார்கள், 266 மோதல்கள், 68 பேருக்குக் காயம்.

இதில் எனக்குத் தூக்கி வாரிப்போட்ட விஷயம் வேற. விபத்தான வண்டிகளைக் கம்பெனி பிரித்துப் பார்த்தபோது எந்தப் பார்ட்டும் ஃபெயில் ஆகவில்லை! டிசைன் பண்ணினபடியே அத்தனையும் வேலை செய்திருக்கு. கதவைத் திறந்தால் 'பீப்' சத்தமும் வந்திருக்கு, டேஷ்போர்டில் எச்சரிக்கையும் எரிந்திருக்கு. அப்புறமும் ரீகால். ஏன்னா, தப்பு இரும்பில் இல்லை. 'இதைத் தள்ளினால் இப்படித்தான் ஆகும்' என்று மனுஷன் கை நம்புமே, அந்த நம்பிக்கையை டிசைன் ஏமாற்றிவிட்டது.

'யூஸர் எரர்' என்ற ஒரே வார்த்தையில் நாம தப்பிக்கிறோமே... லேபில், ப்ராஜெக்ட் ரிவ்யூவில், 'சார், அவன் தப்பா அமுக்கிட்டான்' என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்? ஒருத்தன் தப்பா அமுக்கினால் அவன் தப்பு. 266 பேர் இடித்தால் அது டிசைனரோட தப்பு. மெக்கானிக்கல், இ.சி.ஈ. பசங்க இதை நோட்டில் எழுதி வைக்கலாம்.

தீர்வு என்ன தெரியுமா? புது லீவர்கூட மாட்டவில்லை. ஒரு சாஃப்ட்வேர் அப்டேட். வண்டி நிற்கும்போது டிரைவர் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தால், காரே 'பி'க்குப் போய்விடும். மறந்தது மனுஷன்னா, ஞாபகம் வைக்க வேண்டியது மெஷின்!

ஸ்டிக்கர் ஒட்டிய கதை

இது புதுசு இல்லை. 1970-களில் ஃபோர்டு கார்களைப் பற்றி இதே மாதிரி புகார் வந்தது. 'பி'யில் நிறுத்திய வண்டி ரிவர்ஸுக்கு நழுவிவிடுகிறது என்று. 23,000 புகார்கள், 98 மரணங்கள் வரை கணக்கு வந்தது. கடைசியில் 1980 டிசம்பரில் அமெரிக்க அரசும் கம்பெனியும் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். ரீகால் கிடையாது. அதற்குப் பதிலாக, சுமார் 2 கோடியே 30 லட்சம் வண்டி ஓனர்களுக்குத் தபாலில் ஒரு ஸ்டிக்கர்! 'பி போட்டாச்சான்னு பாருங்க, ஹேண்ட்பிரேக் போடுங்க, என்ஜினை அணையுங்க' என்கிற எச்சரிக்கை. வண்டியில் ஒரு போல்ட்கூட மாறவில்லை.

பிறகு அதே கம்பெனிக்கு வேற ரூபத்தில் வந்தது. கியர் லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற கேபிளின் நுனியில் ஒரு புஷ் இருக்கும். சூட்டிலும் ஈரப்பதத்திலும் அது இற்றுப்போய்க் கழன்றுவிட்டால், நீங்க லீவரில் 'பி' போடுவீங்க, டேஷ்போர்டும் 'பி' என்று காட்டும், கியர்பாக்ஸ் மட்டும் பழைய கியரிலேயே இருக்கும். 2018-ல் வட அமெரிக்காவில் சுமார் 5.5 லட்சம், 2022-ல் அமெரிக்காவில் சுமார் 29 லட்சம் வண்டிகளை ஃபோர்டு இதற்காகத் திரும்ப அழைத்தது. இந்தத் தடவை ஸ்டிக்கர் இல்லை. புஷ்ஷையே மாற்றி, மேலே ஒரு மூடியும் போட்டார்கள்.

ஒரு பக்கம், உடையாமலே ஏமாற்றிய லீவர். இன்னொரு பக்கம், கண்ணுக்குத் தெரியாமல் கழன்ற புஷ். ரெண்டிலும் ஓட்டினவர் நம்பியது ஒரே எழுத்தைத்தான்.

நம்ம டோல்கேட் வழியா...

'அமெரிக்கா கதை நமக்கெதுக்கு பாஸ்?' என்கிறீங்களா? பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் ஒரு டீ சொல்லிட்டு அரைமணி நேரம் நில்லுங்க. சென்னையிலிருந்து பெங்களூர் போகிற ரோடு இது. நீள நீளமான டிரெய்லர் லாரிகளில் புத்தம்புது கார்கள் போய்க்கிட்டே இருக்கும். இதே ரோட்டில்தான், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கு.

2024 பிப்ரவரியில் ஹூண்டாய், 7,698 க்ரெட்டா, வெர்னா கார்களை ரீகால் பண்ணியது. எல்லாமே பெட்ரோல் என்ஜினும் சி.வி.டி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் உள்ளவை. கியர்பாக்ஸுக்கு ஆயில் பிரஷர் கொடுக்கிற எலெக்ட்ரானிக் ஆயில் பம்ப்பின் கன்ட்ரோலரில் குறை இருக்கலாம் என்பது காரணம். அத்தனை க்ரெட்டாவும் இல்லை. 2023 பிப்ரவரி 13 முதல் ஜூன் 6 வரை தயாரானவை மட்டும். அதே மாசம் கியாவும் 4,358 செல்டோஸ் கார்களை இதே மாதிரி காரணத்துக்காக அழைத்தது.

'காரெல்லாம் நமக்கு எதுக்கு, நம்ம கிட்ட பைக்தானே' என்கிற மச்சிகளுக்கும் இருக்கு. 2021 மே மாசம் ராயல் என்ஃபீல்டு, மீட்டியார், கிளாசிக், புல்லட் என்று 2,36,966 பைக்குகளை ரீகால் பண்ணியது. இக்னிஷன் காயிலில் குறை. அதில் உண்மையிலேயே பார்ட் மாற்ற வேண்டியது 10 சதவீதத்துக்கும் கம்மிதான் என்று கம்பெனியே சொன்னது. இருந்தும் அத்தனையையும் கூப்பிட்டார்கள். ஏன்?

இதை நம்ம ஊர் ஆளுங்களுக்குப் புரியவைக்க வேண்டியதே இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற யாரையாவது கேளுங்க. ஒரு ஜோடியில் தையல் பிரிந்தால் அந்த ஒரு ஜோடியை மட்டும் தூக்கிப் போடுவாங்களா? அந்த லாட் முழுக்க இறக்கி செக் பண்ணுவாங்க. ரீகாலும் அதேதான். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும், எந்த பார்ட் மாட்டின வண்டி... அந்த லாட்டையே திரும்பப் பார்ப்பது.

அதனால, 'ரீகால் ஆன வண்டியா? ஐயோ வாங்காதே' என்று யாராவது சொன்னால், சிரிச்சிட்டுப் போயிடுங்க. தப்பைக் கண்டுபிடித்து வெளியே சொல்கிறவனைவிட, சொல்லாமல் இருக்கிறவன்தான் ஆபத்து.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் 2012 வரைக்கும் இதற்கென்று பொதுவான ஒரு முறைகூட கிடையாது. அந்த வருஷம் ஜூலையில் வாகனத் தயாரிப்பாளர்களின் சங்கமான சியாம், 'நாங்களே முன்வந்து ரீகால் பண்றோம்' என்று ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. கட்டாயம் கிடையாது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்து, கம்பெனியை ரீகால் பண்ணச் சொல்லி உத்தரவு போடும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கு. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் புகார் சேர்ந்து, அரசே உத்தரவு போட வேண்டி வந்தால், 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

'புகார் சேர்ந்தால்' என்ற இடத்தைக் கவனிச்சீங்களா? நாம டீக்கடையில் புலம்பினால் அது எண்ணிக்கையில் வராது. பதிவு பண்ணினால்தான் வரும்.

லேட்டா வந்தா என்ன ஆகும்னு நம்ம வேலூருக்குத் தெரியும். 2022 மார்ச் கடைசியில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஒகினாவா மின்சார ஸ்கூட்டர் ராத்திரியில் தீப்பிடித்து, ஒரு அப்பாவும் அவருடைய 13 வயசு மகளும் இறந்தார்கள். சார்ஜ் போட்ட இடத்தில் மின்கசிவாக இருக்கலாம் என்பது அப்போது கம்பெனி சொன்ன விளக்கம். ஆனால் மூணு வாரத்தில், ஏப்ரல் 16 அன்று, அதே கம்பெனி 3,215 ஸ்கூட்டர்களை ரீகால் பண்ணியது. பேட்டரியில் இணைப்பு தளர்ந்திருக்கா, சேதம் இருக்கா என்று பார்த்து இலவசமாகச் சரி செய்ய. லாஸ் ஏஞ்சலீஸுக்குக் கடிதம் ஏழு நாள் லேட். வேலூருக்கு மூணு வாரம்.

சித்தப்பா காரும் பழைய ஓனரும்

இப்ப என் வீட்டுக் கதை. கார் பேரும் கம்பெனி பேரும் வேண்டாம்.

என் சித்தப்பா போன வருஷம் பெங்களூரில் ஒரு செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். முட்டி வலி, அதனால் கிளட்ச் மிதிக்க முடியாது. 'எழுபதாயிரம் குறைச்சுப் பேசிட்டேன்டா' என்று அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆர்.சி. மட்டும் எட்டு மாசமா பழைய ஓனர் பேரிலேயே கிடந்தது. 'மாத்திக்கலாம், மாத்திக்கலாம்' என்றே ஓட்டிக்கிட்டிருந்தார்.

இந்தக் கட்டுரைக்குத் தகவல் தேடும்போது, சும்மா ஒரு டெஸ்ட்டுக்கு அவர் கார் சேஸிஸ் நம்பரைக் கேட்டேன். 17 எழுத்தும் எண்ணுமா இருக்கும் அந்த நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டதும் திரையில் வந்தது: இந்த வண்டிக்கு ஒரு ரீகால் வேலை பாக்கி.

'எனக்கு ஒரு லெட்டரும் வரலையேடா' என்றார் சித்தப்பா. எப்படி வரும்? கம்பெனி கம்ப்யூட்டரில் இருக்கிற அட்ரஸும் போன் நம்பரும் பெங்களூர்காரரோடது. அவர் காரை வித்தாச்சு. 'அந்தக் காரைத்தான் குடுத்துட்டோமே' என்று மெசேஜை அழித்திருப்பார். அவர் மேலயும் தப்பு சொல்ல முடியாது.

மறுநாள் வேலூர் சர்வீஸ் சென்டரில் ஒன்றரை மணி நேரம். ஒரு ரூபாய் வாங்கவில்லை. திரும்பி வரும்போது சித்தப்பா ஒண்ணுமே பேசவில்லை. அந்தக் காரில்தான் எட்டு மாசமா என் தங்கச்சியை டியூஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். அடுத்த வாரமே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் பேர் மாற்ற அப்ளை பண்ணிவிட்டார்.

நம்ம பக்கம் ஓடுற செகண்ட் ஹேண்ட் வண்டிகள் சென்னை, பெங்களூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவை. ரெண்டாவது கை, மூணாவது கை, அப்புறம் ஆக்டிங் டிரைவர். ரீகால் கடிதம் முதல் கையோட நின்றுவிடுகிறது. ஸ்டியரிங் பிடிக்கிற கடைசிக் கைக்குப் போய்ச் சேரவே இல்லை.

இதை சர்வீஸ் ரோட்டில் ஷெட் போட்டிருக்கிற ஒரு மெக்கானிக் அண்ணாவிடம் சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, 'பி'ங்கிறது தாழ்ப்பாள். ஹேண்ட்பிரேக்குதான் பூட்டு. தாழ்ப்பாள் மட்டும் போட்டுட்டு ஊருக்குப் போவியா நீ?"

நாலு வருஷ மெஷின் டிசைன் பேப்பரை ஒரே வரியில் முடிச்சிட்டார்!

இதை மட்டும் செஞ்சுடுங்க!

* நிறுத்தும்போது வரிசை இது: கால் பிரேக்கிலேயே இருக்கட்டும், ஹேண்ட்பிரேக் போடுங்க, 'பி' போடுங்க, டேஷ்போர்டில் 'பி' எரியுதான்னு கண்ணால் பாருங்க, என்ஜினை அணைங்க, அப்புறம் இறங்குங்க. பட்டன் ஸ்டார்ட் வண்டின்னா இன்னும் கவனம். சாவி பாக்கெட்டில் இருந்தாலும் என்ஜின் ஓடிக்கிட்டே இருக்கும்.

* கேட் திறக்க, கடையில் ஒரு பாக்கெட் பால் வாங்க... பத்து செகண்டுதானே என்று என்ஜின் ஓடும்போதே இறங்காதீங்க. சரிவில் நிற்கிற வண்டிக்குப் பின்னால் நடக்காதீங்க.

* ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் நம்பரை எடுத்து, உங்க வண்டி கம்பெனியின் வெப்சைட்டில் போட்டுப் பாருங்க. சியாம் வெப்சைட்டிலும் ரீகால் விவரம் இருக்கு. இல்லைன்னா சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன். கார், பைக், ஸ்கூட்டர் எதுவானாலும் சரி.

* செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினா உடனே ஆர்.சி.யில் பேர் மாத்துங்க. கம்பெனி சர்வீஸ் சென்டரிலும் உங்க போன் நம்பரைக் கொடுங்க. வண்டியை வித்தவரா? ரீகால் மெசேஜ் வந்தால் அழிக்காம, வாங்கினவருக்கு அனுப்புங்க.

* வண்டியில் ஏதாவது விபரீதமா நடந்தா சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கொடுங்க. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்திலும் புகாரைப் பதிவு பண்ணலாம்.

இந்த வீக் எண்டு வீட்டுக்குப் போறீங்கல்ல? அப்பாவோ, மாமாவோ, பக்கத்து வீட்டு அண்ணாவோ... யாராவது ஒருத்தரோட ஆர்.சி. புக்கை வாங்கி, அந்த 17 எழுத்தை டைப் பண்ணிப் பாருங்க. ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. ஒண்ணும் இல்லைன்னு வந்தா சந்தோஷம். ஏதாவது வந்தா, ஏழு நாள் லேட்டாகாம அந்தச் செய்தியைச் சேர்த்தது நீங்கதான்!